இரண்டு பஞ்சுக்குச்சிகள்

சீட்டுப் பிடித்தவர் ராவோடு ராவாக ஓடிப்போனார்.
விட்டுப்போனதை ஆளுக்கொன்றாய் எடுத்துக்கொண்டார்கள்.
லூர்தம்மாவுக்கு கிரைண்டர்.
எனக்கு ஒரு ராஜ்தூத், முந்நூற்றைம்பது சிசி,
இரண்டு சிலிண்டர், இரண்டு கார்புரேட்டர்,
லிட்டருக்கு இருபதைத் தொட்டால் அன்றைக்குத் திருவிழா.
"வித்துருங்க" என்றார்கள்.
ஆர்சி புத்தகம் அவரோடு ஓடியிருந்தது.

வெறும் வயிற்று ரத்தம் எடுக்கிறவள் நான்.
காலை ஐந்தேகாலுக்கு செல்லூரில் ஒன்று,
தத்தனேரியில் இரண்டு,
ஆற்றைத் தாண்டிப் பெத்தானியாபுரம்.
டேங்க் மேல் கட்டிய குளிர்பெட்டியில்
குழாய்கள் பல் கிட்டிக்கொண்டே வரும்.
நாற்பதைத் தாண்டினால்
கைப்பிடிக்குள் யாரோ தேன்கூட்டைக் கலைக்கிறார்கள்.
கண்ணாடியில் பின்னால் வரும் பஸ்
மூன்று பஸ்ஸாக வருகிறது.
இறங்கி, நரம்பு தேடி விரல் வைத்தால்
துடிப்பது அவர்கள் கையா என் கையா
தெரியவில்லை.

விசைத்தறி ஓட்டும் தவசிக்கனிக்கு
பொட்டாசியம் ஏழு புள்ளி ஒன்று என்று வந்தது.
உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள் என்றது லேப்.
ஓடினார்.
இரவெல்லாம் நெஞ்சில் ஒயர் ஒட்டிப் படுத்திருந்தார்.
அங்கே எடுத்த ரத்தத்தில் நாலு புள்ளி இரண்டு.
என் குழாயைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன்.
வைக்கோல் நிறத்தில் நிற்கவேண்டிய சீரம்
ரோஸ்மில்க் மாதிரி நின்றது.
அணுக்கள் வழியிலேயே உடைந்திருக்கின்றன.
இந்த நிறத்தைக் கவனிக்காமல் எண்ணை எழுதியது யார் என்று
லேபில் ஒரு வாரம் பேச்சு.
நான் வண்டியைப் பற்றி வாய் திறக்கவில்லை.

ஒன்பது வருஷமாக
சென்ட்ரிஃப்யூஜில் ஒரு குழாய் வைத்தால்
எதிர்க்குழியில் அதே எடைக்குத் தண்ணீர்க் குழாய் வைப்பவள்.
வைக்காவிட்டால் அது மேசையை விட்டு நடந்துபோகும் என்று
புதுப்பெண்களைப் பயமுறுத்துபவள்.
என் காலிடுக்கில் அதே கதை ஓடிக்கொண்டிருந்தது.

ஞாயிறு ராத்திரி. சந்தில் தெருவிளக்கு.
ஏர் ஃபில்டரைக் கழற்றி,
ஐடில் திருகுகளைத் தளர்த்தி,
இரண்டு கார்புரேட்டர் வாயிலும்
ஸ்லைடுக்கு அடியில்
ஆளுக்கொரு பஞ்சுக்குச்சி செருகினேன்,
தொண்டையில் சாம்பிள் எடுக்கும் அதே குச்சி.
"வாயத் தொற" என்று சொல்லவும் செய்தேன்.

ஆக்ஸிலேட்டரை முடி அளவு திருக,
இடது குச்சி தலை சாய்த்தது.
வலது இன்னும் கடித்துக்கொண்டிருந்தது.
இன்னொரு முடி. இன்னொரு முடி.
பிறகுதான் விட்டது.
இத்தனை நாள் இடது மூச்சு வாங்கி முடித்த பிறகே
வலதுக்குச் செய்தி போயிருக்கிறது.

பத்தாம் நம்பர் ஸ்பேனர். லாக்நட்.
வலது கேபிளின் தொய்வை அரைச்சுற்று எடுத்தேன்.
இப்போது வலது முந்தியது.
கால் சுற்று திரும்பி.
கொசு.
பதினோராவது தடவையோ பன்னிரண்டோ,
இரண்டும் ஒன்றாக விழுந்தன.
சத்தமே இல்லை. பஞ்சுதானே.

உதைத்தேன்.
இரண்டு சைலன்சருக்குப் பின்னாலும்
உள்ளங்கைகளைக் காட்டி உட்கார்ந்திருந்தேன்,
சூடு ஒரே அளவில் வந்து இடித்தது.
இந்த எஞ்சினில் ஒரு பிஸ்டன் ஏறும்போது மற்றது இறங்கும்,
எப்போதும் அப்படித்தான், அதைச் சரிசெய்ய ஒன்றுமில்லை.
வாங்கும் காற்று சமமாக இருந்தால் போதும்.

எதிர்வீட்டுச் சன்னல் திறந்து,
"மணி பன்னண்டாச்சு தாயி."

மறுநாள் தவசிக்கனி வீட்டில்
முதல் குத்திலேயே நரம்பு கிடைத்தது.
காசு வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டார்.
வண்டி என்றேன்.
அவர் சிரித்துவிட்டு,
தறியிலிருந்து இறங்கி அரைமணி நேரம்
தனக்கும் சோற்றுப் பருக்கை நடுங்கும் என்றார்.

அதிர்வு முழுக்கப் போகவில்லை.
ஐம்பதில் கால்மிதியில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது,
இருக்கட்டும்.
பாலத்தின் மேல் கண்ணாடியைப் பார்த்தேன்.
ஒரே ஒரு பஸ்.
அதன் நெற்றியில் மாட்டுத்தாவணி,
இடவலம் மாறி,
ஒவ்வொரு எழுத்தாக.